எதிர்வீட்டுப் பெண்

தபால்காரன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகும்போதே சிரித்துக்கொண்டு போனான். சிரிக்க மாட்டானா, கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. இப்படி ஒரு கடிதம் வந்தால் பிரித்துப் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை, பார்த்த மாத்திரத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். டாக்டர் தாண்டவராயன் அதைக் கையில் எடுத்து எடை பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகு மருந்துச் சீட்டுக் கட்டின்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஸ்டெதாஸ்கோப்பை அதன்மேல் சுருட்டி வைத்தான். பிரிக்கவில்லை. அது அவனுடைய பிறவிக் குணம். சின்ன வயதில் தீபாவளிக்கு இலையில் விழுகிற அதிரசத்தைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பான். தம்பி தன் பங்கைத் தின்று தீர்த்துவிட்டு இவன் இலையையே பார்த்துக்கொண்டிருக்கையில் மெதுவாக எடுத்துக் கடிப்பான். அதிரசத்தைவிடத் தம்பியின் முகம்தான் ருசி. இப்போதும் அப்படித்தான், வெளித் தாழ்வாரத்தில் அறுபது பேர் இருமிக்கொண்டும் சொறிந்துகொண்டும் காத்திருக்கிறார்கள், எல்லோரையும் பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டு, நிதானமாக, கடைசியில். பெண்டாட்டி உலகம்மைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. வேறென்ன? கார்த்திகையில் என்றுதான் அம்மா ஆனியிலேயே பொடி வைத்து எழுதச் சொல்லியிருந்தாள். மாசியில் பத்து நாள் ரஜாவில் போனதோடு சரி, அதற்கப்புறம் சேலத்து ஜில்லாவில் இந்தக் கல்லும் கள்ளியும் நிறைந்த ஊரில் தாலுகா போர்டு ஆஸ்பத்திரியே கதி. கம்பவுண்டர் தேவசகாயம் எட்டிப் பார்த்து மஞ்சளைக் கண்டுகொண்டார். "ஊர்லேருந்துங்களா? அப்பாடா, கர்த்தர் கண் திறந்தார். ஆணா பொண்ணான்னு பாருங்க ஐயா." "எங்கே ஓடிப் போகப்போகுது, ஓய்? முதல் ஆளை அனுப்பும்." தேவசகாயம் போனார், போகிற போக்கில் வெளியே யாரிடமோ கிசுகிசுப்பதும் காதில் விழுந்தது. சொல்லட்டுமே. நல்ல சேதிதானே.

முதல் ஆள் கட்டிக்காரன். இரண்டாவது ஒரு கிழவன், மூச்சு இரைப்பு. "சுருட்டை விட்டியா?" "உட்டுட்டனுங்க." "பொய் சொன்னா அடுத்த தரம் மருந்து கிடையாது, சாகட்டும்னு விட்டுடுவேன்." கிழவன் கும்பிட்டான். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷத்தில் தாண்டவராயனுக்கு ஒன்று கைவந்துவிட்டது. ஜனங்களிடம் தயவாகப் பேசினால் தலைமேல் ஏறிக்கொள்வார்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினால்தான் மருந்தைக் குடிப்பார்கள். மதராஸில் படிக்கிறபோது நாக்கு இப்படி இல்லை. இப்போது கத்தியைவிட நாக்குக்குத்தான் வேலை அதிகம், அதை அவனே பெருமையாகவும் சொல்லிக்கொள்வான். அப்பாவுக்கே ஒரு போடு போட்டானே! அப்பா ஆதிமூலம் பிள்ளை பத்திரம் எழுதுகிறவர், ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்து பேனா தேய்த்தவர். மகன் டாக்டரானதும் ஊருக்கெல்லாம் இலவசத் தபால் வைத்தியசாலை திறந்துவிட்டார். வாரம் தவறாமல் ஒரு கார்டு. மேலே 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஊர் வியாதி. கணக்குப்பிள்ளைக்கு மூலம், கோவில் ஓதுவாருக்குத் தொண்டை, சம்முகம் மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, இதற்குக்கூட! ஏன் என்று கேட்டால் ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி. முதலில் இவனும் சிரத்தையாகப் பதில் எழுதினான், பிறகு ஒரு வரி, பிறகு அரை வரி. புரட்டாசியில் எதிர்வீட்டுப் பெண் வந்து சேர்ந்தாள். 'எதிர்வீட்டுப் பெண் கர்ப்பவதி. காலில் வீக்கம் காண்கிறது. என்ன செய்யலாம் என்பதை எழுதவும்.' சகஜம், பயமில்லை என்று எழுதிப் போட்டான். எட்டே நாளில் இன்னொரு கார்டு, அதே எதிர்வீட்டுப் பெண். வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேள்வி. இவர் யார் வண்டி கட்ட? அந்தப் பெண்ணுக்குப் புருஷன் இல்லையா, மாமனார் இல்லையா? அன்றைக்குக் காலரா ஊரிலிருந்து மூன்று நாள் குளிக்காமல் திரும்பியிருந்தான், அந்த எரிச்சல் வேறு. உட்கார்ந்து எழுதினான் பாருங்கள் ஒரு கார்டு: 'ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு வண்டி கட்ட நீங்கள் யார்? அவளைக் கட்டினவனுக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதற்கு? வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். இனி எதிர்வீட்டைப் பற்றி எனக்கு எழுதவே கூடாது.' எழுதிவிட்டுத் தேவசகாயத்தைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினான். அவர்கூட, "அப்பாவுக்கு இவ்வளவு காரமாவா?" என்றார். காரம் பலித்தது. அதற்கப்புறம் ஊர் வியாதி ஒன்றும் வரவில்லை. தம்பி கையெழுத்தில் இரண்டே வரி, இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். அப்பாவுக்குக் கோபம். இருக்கட்டும், பேரன் முகத்தைப் பார்த்ததும் கோபம் பறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான். உலகம்மைக்குப் பெண் பிறந்தால் என்ன பேர் வைப்பாள்? தாய் இல்லாதவள், தன் தாயின் பேரைத்தான் வைப்பேன் என்று நிற்பாள். பிரசவத்துக்குப் பிறந்தகம் போகவும் வழியில்லை, அங்கே தகப்பனும் ஒரு தங்கச்சியும்தான். மாசியில் போயிருந்தபோது அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தான், கதவைச் சாத்திக்கொண்டு, தம்பியின் பழைய சிலேட்டில். அவள் எழுதினால் வரி நேராகப் போகாது, மாடிப்படி ஏறுகிற மாதிரி வலதுபக்கம் மேலே மேலே போகும். இவன் சிரித்தால், "சிரிக்காதிய, நானும் ஒரு நாள் கடிதாசி எழுதத்தான் போறேன்" என்பாள். ஆனால் மாமனார் இருக்கிற வீட்டில் மருமகள் புருஷனுக்குக் கடிதாசி எழுதுவதாவது! நல்ல கதைதான்.

பதினாலாவதோ பதினைந்தாவதோ, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவன் பேர் சின்னப்பையன், கல் உடைக்கிறவன். அவள் பாவாயி. பத்தொன்பது வயதுகூட இருக்காது, வயிறு முன்னே தள்ளி, முகம் உப்பி, கண் இரண்டும் வீங்கின இமைக்குள் எங்கேயோ கிடந்தன. "பத்து நாளா காலு வீங்கிக் கெடக்குதுங்க சாமி. இப்ப மூஞ்சியும் வீங்கிப் போச்சுங்க." தாண்டவராயன் அவள் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். எடுத்தான். குழி அப்படியே நின்றது. "பத்து நாளா என்னடா பண்ணினே? ஆடா மாடா, செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு இருந்தியா?" அவளைச் சிறுநீர் பிடித்து வரச் சொல்லி, சோதனைக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினான். கொதி வந்ததும் தெளிவாக இருந்த நீர் கலங்கி, முட்டை வெள்ளை வெந்த மாதிரி வெளேரென்று திரிந்தது. இது பாடத்தில் படித்ததுதான், கேட்க வேண்டிய கேள்விகளும் வரிசையாகப் பாடமாகவே வரும். "தலை வலிக்குதா?" "வலிக்குதுங்க, பொளக்குது." "கண்ணு?" "கண்ணு முன்னால பூச்சி பறக்கறாப்பல இருக்குதுங்க சாமி." தாண்டவராயன் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பூச்சி பறக்கிறாற்போல். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே. கேட்கவில்லை, படித்தேன். புஸ்தகத்தில் பூச்சி என்று இல்லை, அது இங்கிலீஷ் புஸ்தகம். 'எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இப்போது முகமும் வீங்கியிருக்கிறது. தலைவலி சகிக்க முடியவில்லை. கண் முன்னே பூச்சி பறக்கிறாற்போல் இருக்கிறது என்கிறாள்.' அப்பா கையெழுத்து, பத்திரத்து எழுத்து, ஒவ்வொன்றும் மணிமணியாக. அடப்பாவி, இதைப் படித்தேனா? படித்தேன். வண்டி கட்டலாமா என்ற இடத்துக்குப் போய்க் கோபப்பட்டேனே தவிர அதற்கு மேலே இருந்த வரியை டாக்டராகப் படித்தேனா? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். சரி, போகட்டும், யாரோ எதிர்வீட்டுப் பெண். பாவம்தான், இருந்தாலும் யாரோ. இன்னொரு வைத்தியன் பார்த்திருப்பான். யார் அவள்? எதிர்வீட்டில் யாருக்குக் கல்யாணமாயிற்று? "சாமி, பொளச்சுக்குவாளுங்களா?" என்றான் சின்னப்பையன். "வாயை மூடு" என்றான் தாண்டவராயன்.

எதிர்வீடு. அவன் மனசுக்குள் எழுந்து சொந்த வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தான். நடையில் அப்பாவின் சாய்வு மேஜை, மைக்கூடு, இடதுபக்கம் செருப்பு. படி இறங்கினால் தெரு. தெருவுக்கு அப்பால்... இரண்டு வருஷத்தில் மறந்துவிடுமா என்ன. தெற்கே கணக்குப்பிள்ளை வீடு, வடக்கே சங்கரலிங்கம் பிள்ளை வீடு, எதிரே, எதிரே என்ன? எதிரே வெயில்தான் ஞாபகம் வருகிறது, காலை வெயில் தடையில்லாமல் நடைவரை வந்து விழும், பள்ளிக்கூடத்துக்குப் போகையில் கண் கூசும். நடுவில் வீடு இருந்தால் எப்படி விழும்? பன்னிரண்டு வயதில் கையெழுத்துத் திருந்தவேண்டும் என்று அப்பா சொந்த வீட்டுப் பத்திரத்தையே கொடுத்து நகல் எழுதச் சொன்னார், ஒரு எழுத்துப் பிசகினாலும் முதலிலிருந்து, ஏழு தடவை எழுதினான், இப்போதும் தூக்கத்தில் சொல்வான். இந்தச் சொத்துக்கு நான்கெல்லையாவது: மேற்படி வீட்டுக்குத் தெற்கே கணக்கு ஆறுமுகம் பிள்ளை வீடு, வடக்கே சங்கரலிங்கம் பிள்ளை வீடு, மேற்கே கோவில் நந்தவனம், கிழக்கே தெருவும் அதற்குக் கிழக்கே ஊர் வாய்க்காலும். வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் மலை. வாய்க்கால் தெருவுக்கு எதிர்வரிசையே கிடையாது! அந்தத் தெருவில் பிறந்த பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதிர்வீடே இல்லாத தெருவில் எதிர்வீட்டுப் பெண் எங்கிருந்து வந்தாள்? கார்டைப் போஸ்டு மாஸ்டர் படிப்பார், தபால்காரன் படிப்பான், படித்ததைக் கடைத்தெருவில் சொல்வான். மருமகள் காலையும் முகத்தையும் மாமனார் எப்படித் திறந்த கார்டில் எழுதுவார்? நாக்கு வருமா, கை வருமா? அதனால்தான் சாமர்த்தியமாக, பத்திரம் எழுதுகிற மூளையோடு, இல்லாத ஒரு வீட்டைக் கட்டி அதற்குள்ளே அவளை வைத்து எழுதினார். நம் பிள்ளை டாக்டர், புத்திசாலி, நான்கெல்லை ஏழு தடவை எழுதினவன், கண்டுகொள்வான் என்று எழுதினார். அந்த இரண்டாவது கார்டின் அடியில் வேறு மையில் இரண்டு வார்த்தை இருந்தது: பதில் சீக்கிரம். தம்பி கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். தம்பி எழுத்து ஏன் மாடிப்படி ஏறுகிறது? வலதுபக்கம் மேலே மேலே போய் முத்திரையில் முட்டிக்கொண்டு நின்றதே. அவள்தான். அப்பா தூங்கும்போது எழுதினாளோ, அப்பாவே போனால் போகிறது என்று பேனாவைக் கொடுத்தாரோ. கண் தெரியாமல் எழுதியிருக்கிறாள். அவள் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதாசி அது. அதற்கு நான் அனுப்பின பதில்!

"ஐயா, சீட்டு?" என்றார் தேவசகாயம். தாண்டவராயன் அவரைப் பார்த்தான், பிறகு மேஜையைப் பார்த்தான். மஞ்சள். அட, மஞ்சள் இருக்கிறதே! மூளை கெட்டவனே, சாவு வீட்டில் மஞ்சள் தடவுவார்களா? அப்பாவாவது, நல்ல நாள் பார்க்காமல் பேனா முனைகூட மாற்றமாட்டார், அவராவது. ஏதாவது ஆகியிருந்தால் தந்தி வந்திருக்கும். இரண்டு மாதமாக இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்றுதானே தம்பி எழுதினான், யாவரும் என்றால் அவளும்தானே? பிழைத்துக்கொண்டாள். நாட்டு மருத்துவச்சி ஏதாவது கொடுத்திருப்பாள், வீக்கம் வடிந்திருக்கும், எத்தனை பேருக்கு வடிகிறது, நூற்றுக்கு எழுபதாவது வடியும் என்று எந்தப் புஸ்தகத்திலோ இருக்கிறது. பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிந்து, மஞ்சள் தடவி எழுதியிருக்கிறார்கள். அவள் காலில் விழுந்தாலும் தகும். விழுவேன், யார் பார்த்தால் என்ன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. திடீரென்று பாவாயியின்மேல் அவனுக்கு ஒரு வெறி மாதிரி அக்கறை வந்துவிட்டது. "தேவசகாயம், பேதி உப்பு கொடும். பால் தவிர வேறே ஒண்ணும் வாயிலே வைக்கக் கூடாது. டேய் சின்னப்பையா, இப்பவே இவளை ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறே. இன்னிக்கே. வண்டி கட்டு." "வண்டிக்கு நானெங்க போவங்க சாமி?" "என் வண்டியைக் கட்டச் சொல்றேன். அங்கே பெரிய டாக்டர் துரைக்கு நான் சீட்டுத் தரேன். ஓடு!" வண்டி கட்டு, வண்டி கட்டு என்று அவனே இரண்டு மூன்று தரம் சொன்னான். சின்னப்பையன் காலில் விழப்போனான். "எழுந்திருடா, நேரமாச்சு" என்று அதட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்தான், வைக்கோல் பரப்பி அவளை ஏற்றினார்கள், வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் திரும்பியது. இவ்வளவுதானே? ஒரு வண்டி. அரை நாழிகை வேலை.

மிச்சம் இருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டான். இனிமேல் தள்ளிப்போட முடியாது, அதிரசமாவது ஒன்றாவது. கதவைச் சாத்தினான். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு உறையைக் கிழித்தான், மஞ்சள் விரலில் ஒட்டியது. உள்ளே நான்காக மடித்த ஒரு தாள், அதிலும் மூலைக்கு மூலை மஞ்சள். 'சிரஞ்சீவி தாண்டவராயனுக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்துக்கு எழுதவும். ஈசன் கிருபையால் உனக்கு வருகிற தை மாதம் பன்னிரண்டாந்தேதி காலை முகூர்த்தம் நிச்சயித்திருக்கிறது. பெண் வேறு யாருமல்ல, நம் சம்பந்தி வீட்டு இளையவள் கோமதிதான். வயது பதிமூன்று. உறவு விட்டுப்போகக் கூடாது என்று சம்பந்தியே நேரில் வந்து கேட்டுக்கொண்டார். பத்து நாள் ரஜாவுக்கு இப்போதே எழுதிப் போடவும்.' அவன் மறுபடி மேலேயிருந்து படித்தான். யாவரும் க்ஷேமம். உனக்கு முகூர்த்தம். எனக்கு எதற்கு? எனக்குத்தான் ஆகிவிட்டதே. அப்பா தப்பாக எழுதிவிட்டார், தம்பிக்கு என்று எழுதவேண்டியதை எனக்கு என்று. முப்பது வருஷம் பத்திரம் எழுதினவர் பேரை மாற்றி எழுதுவாரா? தாளை உதறினான். மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்னத் துண்டுச் சீட்டு மேஜைமேல் விழுந்தது. அதில் மஞ்சள் இல்லை. மங்கலக் கடிதத்தில் அமங்கலத்தைக் கலக்கக் கூடாதென்று அப்பா அதைத் தனியாக எழுதியிருந்தார், அதே மணிமணியான எழுத்து. 'மூத்தவள் ஐப்பசி ஒன்பதாந்தேதி விடியற்காலம் ஜன்னி கண்டு காலமானாள். சிசுவும் தங்கவில்லை. நீ காலரா வேலையில் இருந்தபடியாலும், புது உத்தியோகத்தில் ரஜா கேட்டால் கெட்ட பெயர் என்பதாலும் தந்தி கொடுக்கவில்லை. உன் தம்பி கையால் எல்லாக் காரியமும் குறைவில்லாமல் நடந்தது. அதற்குப் பத்து நாள் முந்தியே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டி, அவளையும் ஏற்றி உட்கார வைத்திருந்தோம். அந்தச் சமயத்தில் உன் கார்டு வந்தது. டாக்டரே வண்டி வேண்டாம் என்று எழுதின பிறகு நாம் மிஞ்சக் கூடாது, காரணமில்லாமல் நீ அப்படி எழுதமாட்டாய் என்று வண்டியை அவிழ்த்துவிட்டோம். கட்டினவன் என்ன எழுதியிருக்கிறான் என்று அவள் கேட்டாள், வாசித்துக் காட்டினேன். இறங்கி உள்ளே போய்விட்டாள். எதிர்வீட்டைப் பற்றி இனி எழுதக் கூடாது என்று நீ கண்டித்திருந்தபடியால் இதுவரை எழுதவில்லை. இந்தச் சீட்டைப் படித்ததும் கிழித்துவிடவும்.'

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தான். அவிழ்த்துவிட்டோம். இறங்கி உள்ளே போய்விட்டாள். அந்தக் குழி விழுந்த காலோடு வண்டியிலிருந்து எப்படி இறங்கினாள், யாராவது கையைப் பிடித்தார்களா, மாமனார் பிடிக்க முடியாது, தம்பியும் பிடிக்க முடியாது, அம்மாவாவது பிடித்தாளா. எதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்? இதை அப்பா எழுதவில்லை. பதில் சீக்கிரம் என்று அவள் கேட்டாள், பதில் சீக்கிரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் தபால் தவறியிருக்கக் கூடாதா? ஊரில் எத்தனை கார்டு தவறிப் போகிறது. தேவசகாயம் பொறுக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு, உள்ளங்கையில் பிரித்த காகிதப் பொட்டலம், நிறையக் கல்கண்டு. அவருக்குப் பின்னால் தோட்டியும் தண்ணீர் ஊற்றுகிறவளும் நின்றார்கள். "நீங்களா தருவீங்கன்னு காத்திருந்தா நடக்காதுன்னு நானே வாங்கியாந்துட்டேன். வாயைத் திறங்க ஐயா. ஆணா, பொண்ணா?" தாண்டவராயன் நிமிர்ந்து பார்த்தான். துண்டுச் சீட்டு அவன் கையில் இருந்தது, அவன் அதைக் கிழிக்கவில்லை.

"பொண்ணு" என்றான். "பதிமூணு வயசு."

தேவசகாயம் கல்கண்டை நீட்டவும் தெரியாமல் மடக்கவும் தெரியாமல் அங்கேயே நின்றார்.